மன்னிப்பு கேட்காத கமெண்ட்

அத்தியாயம் 6

ஷெர்லின் செல்போனை மேசை மேல் வைத்த வேகத்தில் டீ கிளாஸ் துள்ளியது. பாதி டீ நம்பிராஜனின் சட்டையில் குடியேறியது.

"எக்கா, கோவம் கம்பெனிக்காரன் மேல. டீயை மட்டும் ஏன் எம்மேல ஊத்துதீய?"

"வாயை மூடு. அந்த பேப்பரை இன்னொரு தடவை படி."

சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடிக்கு எதிரே இருந்த டீக்கடை. காலை நேரத்து ஷேர் ஆட்டோக்கள் ஒரகடத்துக்கு ஆள் பிடிக்கக் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தலையெல்லாம் மிஞ்சிக்கொண்டு ஷெர்லினின் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. ஷெர்லினுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். மூக்கு நுனிவரை வரும் பொறுமை அந்தக் கோபத்துக்குக் கிடையாது. ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவள். மேலதிகாரியோடு சண்டை போட்டு, அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையிலேயே எறிந்துவிட்டு வந்து, ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவள். நிறுவனம் என்றால் அவள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட உதவியாளன் நம்பிராஜன், ஒரு பழைய ஸ்கூட்டர். அவ்வளவுதான்.

இன்றைய கொதிப்புக்குக் காரணம் பூமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் காருக்குக் கதவுத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. பிரஸ் மெஷினில் அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கை உள்ளே நுழைந்தால் சென்சார் பார்த்து மெஷினை நிறுத்த வேண்டும். அந்தச் சென்சாரை யாரோ ஒரு துண்டு வயரைச் செருகி ஊமையாக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! பூமாரியேதான் செய்தாள் என்று கம்பெனி கூசாமல் எழுதிவிட்டது. லைன் லீடர் லீவில் இருந்த நாளில், அவசரப்பட்டு, தன் இஷ்டத்துக்கு வயரைச் செருகினாளாம்.

பூமாரி ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "தசரதன் அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு. அவருகிட்டயே கேளுங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இன்று காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற வந்தவளை ஷெர்லின் எவ்வளவோ துருவிப் பார்த்துவிட்டாள். அதே பதில்தான்.

தசரதன்தான் அந்த லைன் லீடர். அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, காய்ச்சலில் வீட்டில் படுத்துக்கிடந்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வருகைப் பதிவும் அதையேதான் சொல்கிறது. கேமரா பதிவு அழிந்துவிட்டதாம். அந்த லைனில் இருந்த மற்றவர்களை வெவ்வேறு யூனிட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். இத்தனையும் போதாது என்று கம்பெனி ஒரு சாட்சியத்தை வேறு இணைத்திருந்தது. அது ஒரு கமெண்ட்.

ஆமாம், யூடியூபில் போடுவோமே, அதே கமெண்ட்.

நம்பிராஜன் பேப்பரை உதறிப் படித்தான். "'ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. சம்பவ நாளன்று திரு. தசரதன் தம் வீட்டில் இருந்தபடி ஒரு தொடரை முழுமையாகப் பார்த்துவிட்டுக் கருத்துப் பதிவிட்டுள்ளார். ஆகவே அவர் ஆலைக்குள் இல்லை.' கீழ தசரதனோட கையெழுத்து. எக்கா, என்னா மூளை! இவனுக கார் கதவு செய்யதுக்குப் பதிலா கதை எழுதலாம்."

"கமெண்ட்டைப் படி."

"'இந்த மருமகளைத் தூக்குல போடணும். ஈரத் துண்டை எடுத்துக் காமிச்ச உடனே வக்கீல் மூஞ்சி தொங்கிப்போச்சி பாரு. இவளைக் காப்பாத்த வந்த அவனையும் சேத்து உள்ள தள்ளணும்.' நல்ல மனுசன். காய்ச்சல்லயும் நீதி, நியாயம் பாத்திருக்காரு."

"மத்தியானம் கம்பெனி விசாரணை முடியுது நம்பி. இந்தக் காகிதம் அப்படியே நின்னுதுன்னா, தன் கையைத் தானே வெட்டிக்கிட்டவள்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. நஷ்டஈடு கிடையாது, வேலை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தப் பொண்ணு ஆயுசு பூரா அந்தப் பழியோட அலையணும்."

நம்பிராஜன் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

'வக்கீல் வைத்தியலிங்கம்' என்பது அந்தத் தொடரின் பெயர். முப்பது வருடத்துக்கு முந்திய டி.வி. நீதிமன்றத் தொடர். யாரோ புண்ணியவான் மொத்தத்தையும் யூடியூபில் ஏற்றிவைத்திருக்கிறான். தசரதன் கருத்துச் சொன்னது 'ஈரத் துண்டு' என்ற பகுதிக்கு. நேற்று ஷெர்லின் அதை விளம்பரம் உட்பட ஒன்றுவிடாமல் பார்த்திருந்தாள்.

கதை இதுதான். மாமனார் செத்துக் கிடக்கிறார். ஊரே மருமகளைக் கைகாட்டுகிறது. அரசு வக்கீல் அவளுடைய பெட்டியிலிருந்து ஒரு ஈரத் துண்டை எடுத்து உயர்த்துகிறார். மூச்சை அடைத்த துண்டு. கோர்ட் முழுக்கச் சலசலப்பு. மருமகளுக்காக வாதாடும் வைத்தியலிங்கம் முகம் தொங்கிப்போய் நிற்கிறார். அடுத்த காட்சியிலேயே மனிதர் நிதானமாக எழுந்து, குடும்ப டாக்டரைக் கூண்டில் ஏற்றி, நாலே கேள்வியில் உண்மையைக் கக்க வைத்துவிடுகிறார். கொலைகாரன் டாக்டர். மருமகள் விடுதலை.

"முழுசாப் பாத்தவன் இப்படி எழுதுவானா?" என்று மேசையைத் தட்டினாள் ஷெர்லின்.

"தூங்கியிருப்பான். நான் தியேட்டர்லயே தூங்குத ஆளு."

"சரி, மத்தவங்க கமெண்ட்டைப் பாரு."

நம்பிராஜன் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தான். அடேயப்பா, உலகத்தில் எத்தனை வகை மனிதர்கள்! இப்போது வரும் தொடர்களில் எல்லாரும் அழுகிறார்கள், அந்தக் காலத்தில் வாதாடினார்கள் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பெருமூச்சு விட்டிருந்தார். நீதிபதிக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் காட்சிக்குக் காட்சி மாதம் மாறுகிறது, ஒருவரும் கவனிக்கவில்லையா என்று ஒருவருக்கு ஆத்திரம். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபோதே நான் கண்டுபிடித்துவிட்டேன், என் மனைவிதான் நம்பவில்லை என்று ஒருவருக்குக் குடும்பப் பிரச்சினை. அதற்குக் கீழே கூட்டம் கூட்டமாக மருமகளுக்குச் சாபம்.

"கொள்ளிவாய்ப் பிசாசு... இவ வெளங்குவாளா... துண்டைக் காமிச்சதும் வக்கீல் வாய் அடைச்சுப்போச்சு..." நம்பிராஜனின் விரல் நின்றது. "எக்கா, இது வேடிக்கையால்லா இருக்கு. சாபம் விட்ட அதே ஆளு, அன்னைக்கே கீழ மன்னிப்பும் கேட்டிருக்கான். 'மன்னிச்சிரு தாயி, டாக்டர் நாயிதான் செஞ்சான்.' இவனும் அப்படித்தான். இவளும் அப்படித்தான். ஒருத்தர் பாக்கியில்லாம முதல்ல திட்டு, பொறவு மன்னிப்பு."

"திட்டு எல்லாத்துலயும் என்ன இருக்கு?"

"துண்டு, வக்கீல் தொங்கின மூஞ்சி. எல்லாரும் அதையேதான் சொல்லுதாவ."

"மொத்தப் பேரும் கதையில ஒரே இடத்துல நின்னுட்டு எழுதின மாதிரி இல்ல? திட்டாதவங்க யாராவது துண்டைப் பத்திப் பேசியிருக்காங்களா?"

அவன் மறுபடி தேடினான். ஒருவரும் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? டாக்டர் மாட்டிக்கொண்ட பிறகு துண்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? திட்டியவர்களின் படங்களை ஷெர்லின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெரிதாக்கினாள். முக்கால்வாசிப் பேர் ஒரே சாம்பல் நிற யூனிஃபார்ம். பூமாரியின் கம்பெனிச் சட்டை. ஒருத்தி போகிறபோக்கில், 'ரத்தினம் அண்ணே, வண்டியில சவுண்ட் பத்தல' என்று வேறு குறை சொல்லியிருந்தாள்.

"ரத்தினமா?" நம்பிராஜன் எழுந்து நின்றுவிட்டான். "இருங்காட்டுக்கோட்டையில இருந்து அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏத்துத பஸ்சு டிரைவர்லா அவரு!"

ஷெர்லின் அதற்குள் ஸ்கூட்டர் சாவியைத் திருகியிருந்தாள்.

ரத்தினத்தின் பஸ் ஒரகடம் கூட்ரோட்டுக்கு அந்தப் பக்கம், சாலையோரப் புங்க மரத்தடியில் நின்றது. காலை ஷிஃப்ட்டை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றும் நேரம் வரைக்கும் வண்டிக்கும் அவருக்கும் ஓய்வு. கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தவர், தசரதன் பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தார்.

"ஏறுனானா, எறங்குனானா, நமக்கு இன்னாமா ஞாபகம் கீது? விடியக்காத்தால எல்லாம் மப்ளரைச் சுத்திகினு ஏறுதுங்க. நான் ரோட்டைப் பாப்பனா, மூஞ்சியைப் பாப்பனா? சாட்சி கீட்சின்னு என்னை இழுத்துடாதமா. வண்டி காண்ட்ராக்ட்டு பூடும்."

ஷெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் ஏதோ ஒன்று போய்விடும். வண்டி போய்விடும், வேலை போய்விடும், பெயர் போய்விடும். உண்மையிலேயே போனது ஒரு பெண்ணின் கை. அதைப் பற்றி மட்டும் எவனும் பேச மாட்டான். அவள் வாயைத் திறக்கப் போவதைப் பார்த்துவிட்டு நம்பிராஜன் குறுக்கே புகுந்தான்.

"அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி. நம்ம வண்டியில வக்கீல் வைத்தியலிங்கம் ஓடுதாமே? எங்க ரூம் பயலுவ வாய் ஓயாம அதைத்தான் பேசுதானுவ."

ரத்தினத்தின் முகம் மலர்ந்தது பாருங்கள், அடேங்கப்பா! "வாய் ஓயாம பேசுதுங்களா? பேசாம பின்ன! ஐடியா யாருது? என்னுது. மின்ன எல்லாம் ஏறுன உடனே தூங்கிடும். எறங்கசொல்ல ஒவ்வொண்ணா தட்டி எழுப்பணும். இப்ப ஒரு ஆள் கண்ணை மூடாது. என் போனை டி.வி.ல மாட்டி வுட்டுடுவேன். போறப்ப பாதி, வரசொல்ல மீதி."

"நடுவில யாரும் போன்ல முடிவைப் பாத்துர மாட்டாங்களா?"

"எங்க பாக்குறது? போனு கேட்டாண்ட லாக்கர்ல பூந்துடும்ல? அதான் நம்ம வண்டில ஒரு ரூலு வெச்சிகிறேன். கேட்டுல எறங்கறதுக்கு மின்ன, யாரு கொலகாரன்னு அவனவன் தீர்ப்பை கமெண்ட்டுல எழுதிடணும். சாயங்காலம் வூட்டுக்குப் போய் எழுதுனா செல்லாது."

ஷெர்லினின் குரல் திடீரென்று தணிந்தது. நம்பிராஜனுக்குத் தெரியும், அவள் கத்துவதைவிட இது ஆபத்து. "தீர்ப்பு தப்பாப் போயிட்டா அண்ணே?"

"ஷிஃப்ட் முடிஞ்சி திரும்பசொல்ல மீதியைப் பாத்துட்டு, மன்னிப்பு போடணும். போடாதவன் ஸ்டாப்புல வண்டி நிக்காது. அடுத்த ஸ்டாப்புலதான் எறங்கி நடக்கணும்." ரத்தினம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "லைன் லீடரு, சூப்பர்வைசரு, அந்தப் பேச்செல்லாம் கெடையாது. நம்ம வண்டில எல்லாம் ஒண்ணு."

"ஈரத் துண்டு போட்ட அன்னிக்கு எந்த இடத்துல நிறுத்தினீங்க?"

"அது எப்டி மறக்கும்? துண்டைத் தூக்கிக் காமிக்கிறான். வக்கீல் மூஞ்சி தொங்கிப்பூட்டு நிக்கிறாரு. கரீக்ட்டா கேட்டு வந்துச்சி, நான் டப்புனு நிறுத்திட்டேன். இன்னா கத்து கத்துச்சிங்க தெரியுமா!"

"திரும்பி வரும்போது எல்லாரும் மன்னிப்பு போட்டுட்டாங்களா?"

"அன்னிக்கி வரசொல்ல யாருக்கும் மனசு சரியில்லமா. உள்ள அந்தப் பொண்ணுக்கு அடிபட்டுச்சில்ல. நான் டி.வி.யே போட வாணாம்னேன். கம்முனு உக்காந்துகினு வர்றதுக்கு ஏதாச்சும் ஓடட்டும்னு அவங்கதான் சொன்னாங்க. பாத்தாங்க. போட்டாங்க. ஒருத்தன் பாக்கியில்ல."

"ஒருத்தன் பாக்கி அண்ணே." ஷெர்லின் பேப்பரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்க வண்டியில போகும்போது திட்டினவன். வரும்போது மன்னிப்பு கேக்காதவன்."

ரத்தினம் பெயரைப் படித்தார். முகம் அப்படியே வாடிப்போனது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஏறுனான்மா" என்றார் மெதுவாக. "மூணாவது சீட்டு. வரசொல்ல இல்ல."

ஸ்கூட்டர் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்வரை நம்பிராஜனுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து காதுக்குள் கத்தினான். "எக்கா, டிரைவர் நம்மகிட்ட சொன்னதை அங்க வந்து சொல்ல மாட்டாரு!"

"சொல்ல வேண்டாம். தசரதன் வாயாலேயே வரணும். காலையில பஸ்ல போனான், உள்ள இருந்தான். கை போன உடனே அவனை வேற வழியா வெளிய கொண்டுபோயிட்டாங்க. அதனால மீதிக் கதையை அவன் பாக்கலை. இன்னிவரைக்கும் அந்த மருமகதான் கொலைகாரின்னு நெனைச்சிட்டிருக்கான், மடையன்!"

"கமெண்ட்டுலேயே மத்தவங்க டாக்டர்னு எழுதியிருக்காங்களே, படிச்சிருக்க மாட்டானா?"

"கமெண்ட் எழுதுறவன் என்னிக்கிடா அடுத்தவன் கமெண்ட்டைப் படிச்சிருக்கான்?"

இருங்காட்டுக்கோட்டையில் தசரதனின் வீடு, வாடகை அறைகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. அவனுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். அன்று வார லீவு. லுங்கியோடு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷெர்லினைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"மேடம், சொல்ல வேண்டியதெல்லாம் கம்பெனில எழுதிக் குடுத்துட்டேன். வூட்டாண்ட வந்து தொல்லை குடுக்காதீங்க."

"அட, நாங்க அதுக்கு வரலை அண்ணாச்சி" என்று நம்பிராஜன் முன்னால் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒங்க கமெண்ட்டைப் படிச்சுட்டு வாரேன். ஈரத் துண்டு! நூத்துல ஒரு வார்த்தை. இந்த மேடம் என்னடான்னா மருமக நல்லவன்னு ரெண்டு நாளா எங்கூட சண்டை."

தசரதன் ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்த்தான். ஆனால் தன் கருத்தை ஒருவன் தேடி வந்து மெச்சினால் எவன்தான் அசராமல் இருப்பான்? "நல்லவளா? இன்னா மேடம் நீங்க? துண்டு அவ பொட்டிலதான எடுத்தாங்க?"

"வேற யாராவது வச்சிருக்கலாம் இல்லையா?" என்றாள் ஷெர்லின்.

"யாரு வெப்பா? கெழவனுக்கு சோறு போட்டதே அவதான். முழிக்கிற முழியே சொல்லுதே. அந்த வக்கீலு வேற, அவளைக் காப்பாத்திடலாம்னு வந்து மூஞ்சி தொங்கி நின்னுட்டான்."

"கடைசியில அவளுக்கு என்ன தண்டனை குடுத்தாங்க? நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"தூக்குதான்" என்றான் தசரதன் அடித்து. அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தான். "இல்லாட்டி ஆயுள். ரெண்டுல ஒண்ணு."

நம்பிராஜன் அவன் கையை விட்டான். ஷெர்லின் போனை எடுத்து, துண்டு உயரும் இடத்திலிருந்து ஓட விட்டு, அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வைத்தியலிங்கம் எழுந்தார். டாக்டர் கூண்டில் ஏறினார். நாலு கேள்வி. டாக்டர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தசரதன் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"முழுசாப் பாத்துட்டு கமெண்ட் போட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றாள் ஷெர்லின்.

"ஜுரம் மேடம்... நடுவுல கண்ணு சொருகிடுச்சி போல..."

அவ்வளவுதான். மரியாதை, பன்மை எல்லாம் பறந்தது.

"பொய் சொல்லாதே! ரத்தினம் வண்டி கேட்டாண்ட எங்க நின்னுச்சோ, அங்கதான் உன் கதையும் நிக்குது. அந்த வண்டியில வந்த அத்தனை பேரும் திரும்பி வரும்போது மன்னிப்பு போட்டிருக்காங்க. நீ மட்டும் போடலை. ஏன்னா திரும்பி வரும்போது நீ அந்த வண்டியில இல்ல. எந்த வழியா உன்னைக் கடத்தினாங்க? சொல்லு. டிராமாவுல வர்ற ஒருத்தியைத் தூக்குல போடணும்னு அவ்வளவு ஆவேசமா எழுதினியே, ரத்தமும் சதையுமா உன் பக்கத்துல நின்ன பொண்ணுக்கு ஒரு வார்த்தை வரலையா உனக்கு?"

சந்தில் இரண்டு கதவுகள் திறந்தன. தசரதன் பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பின் கேட்டு வழியா மேடம்" என்றான். "மேனேஜரு தன் கார்லயே கூட்டினு வந்து வுட்டாரு. நீ இன்னிக்கி வரவே இல்ல, அட்டென்டன்ஸ் பஞ்ச் எல்லாம் நான் பாத்துக்கறேன்னாரு. பர்மனென்ட் பண்றேன்னு சொன்னாரு. ஒம்போது வருசமா காண்ட்ராக்ட்டு மேடம் நான்."

"வயரைச் செருகினது யாரு?"

"நான்தான். அவருதான் செருவச் சொன்னாரு. சென்சார் இருந்தா அடிக்கடி நிக்குது, டார்கெட் வரலன்னாரு. அந்தப் பொண்ணு வாணாம்ணேன்னு சொல்லிச்சி."

"செருப்பைப் போடு. கிளம்பு."

"வேலை பூடும் மேடம்."

"போகட்டும். உனக்கு வேற வேலை கிடைக்கும். அவளுக்கு வேற கை எங்கயாவது கிடைக்குமா? விசாரிச்சுச் சொல்லு, நானே போய் வாங்கிட்டு வர்றேன்."

தசரதன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நடுவழியில் மனம் மாறிவிடக் கூடாது என்று நம்பிராஜன் அவனுடைய பைக்கிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். வல்லம் வடகால் வரைக்கும் அவன் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடியே வந்தானாம்.

விசாரணை அறையில் ஏ.சி. நடுங்க வைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. அவர் கம்பெனியே அமர்த்திய வெளி வக்கீல். மூக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அவர் பக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர். இந்தப் பக்கம் பூமாரி, கட்டுப் போட்ட கையை மடியில் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. அவளுக்குத் துணையாக உட்கார ஷெர்லினுக்கு அனுமதி இருந்தது.

தசரதன் உள்ளே வந்ததும் மேனேஜர் பாதி எழுந்தார். "இவருக்கு இன்னிக்கு வேலை இல்லையே சார். ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே குடுத்தாச்சே."

"அது பொய்யி" என்றான் தசரதன்.

அவன் நின்றுகொண்டேதான் பேசினான். பஸ்ஸில் வந்தது, வயரைச் செருகியது, செருகச் சொன்னது யார், பின் கேட், கார். மேனேஜரைப் பெயர் சொல்லிச் சொன்னான். மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். ஷெர்லினுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. தான் கண்டுபிடித்தது அத்தனையும் வந்துவிட்டது, இனி யாரும் மறைக்க முடியாது என்று நாற்காலியில் சாய்ந்துகூட விட்டாள். ஆனால் தசரதன் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு கீது சார். இதை இந்த மேடத்துக்கிட்டகூட நான் சொல்லல." அவன் பூமாரியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். "அன்னிக்கி தகடு மாட்டிகிச்சி. எடுக்கறதுக்கு உள்ள கை வுட்டது நான். வயர் செருவனது எனக்கே மறந்துபோச்சி. மேல இருந்து பிரஸ் எறங்கிச்சி. இந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சித் தள்ளிச்சி. தள்ளின கை மாட்டிகிச்சி."

ஷெர்லின் சட்டென்று நிமிர்ந்தாள். நம்பிராஜன் கதவருகே சுவரோடு சுவராக நின்றான். துருவித் துருவிக் கேட்டும் பூமாரி சொல்லாதது இதுதானா? இவனுடைய கைக்காகவா? இவன் வீட்டில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தானே, அந்தக் கைக்காகவா? யார் மேல் கோபம் என்றுகூட அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஏன் பூமாரி, ஏன் இதை எங்கிட்ட சொல்லல?"

"அவரு சொல்லட்டும்னுதான் இருந்தேன் அக்கா" என்றாள் பூமாரி. "பொழச்ச கை அவரோடதுதான? எத்தனை நாளைக்கு அந்தக் கையால சோறு அள்ளித் திங்காருன்னு பாப்போம்னு இருந்தேன்."

தசரதன் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். மேனேஜர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, பூமாரி பக்கம் திரும்பினார். குரலில் அப்படி ஒரு சாந்தம்.

"ஒரு விஷயம் மட்டும் தெளிவுபடுத்திக்கலாம்மா. அப்படின்னா, ஓடற மெஷினுக்குள்ள கையை நீங்களாத்தான் விட்டிருக்கீங்க?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ ஷெர்லின் எழுந்தாள். வாய் வரைக்கும் வந்த வார்த்தை அச்சில் ஏறக்கூடியதில்லை. பூமாரி இடது கையால் அவள் முழங்கையைத் தொட்டாள். அவளும் எழுந்து நின்றாள். துப்பட்டா நழுவி விழுந்தது. அதை எடுத்து மூடவில்லை. கட்டுப் போட்ட கையை மேசை மேல், அதிகாரி எழுதும் காகிதத்துக்கு மேலேயே வைத்தாள்.

"ஆமா சார். நானாத்தான் விட்டேன். உள்ள ஒரு மனுசன் கை கெடந்துச்சு. ரெண்டையும் சேத்து எழுதுங்க."

அதிகாரி காகிதத்தை இழுக்கப் பார்த்தார். வரவில்லை. கட்டுப் போட்ட கை அதன் மேலேயே இருந்தது. கடைசியில் அவர் அப்படியே, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே, எழுத ஆரம்பித்தார்.